ஆவரேஜ் ஸ்பீடை விடுங்க, காத்தைப் பாருங்க: நம்ம கடக்கரையில சைக்கிள் ஓட்டுறவங்க டார்கெட் வைக்கிறது எப்படி

புதுசா ரோடு பைக் வாங்குன தம்பிங்க என்கிட்ட முதல்ல கேக்குறது ஒண்ணுதான், "அண்ணே, ஆவரேஜ் 30 எப்போ வரும்?" எங்கயோ உள்ள ஊருல ஓட்டுறவங்க வீடியோல சொன்ன நம்பரை மனசுல ஏத்திக்கிட்டு வந்து கேக்குறாங்க. அவங்க ஊரு வேற, நம்ம ராமநாதபுரம் வேற. இங்க மேடு கிடையாது, பாம்பன் ரோட்டுப் பாலத்தோட நடு முதுகை விட்டா ஏத்தம்னு சொல்ல ஒண்ணுமே இல்ல, ஆனா அதுக்குப் பதிலா காத்து இருக்கு. பழைய பாம்பன் ரயில் பாலத்துல ரயில் ஓடுன காலத்துல காத்து கூடுனா ரயிலையே நிறுத்தி வச்சிருவாங்க, அப்போ எட்டு ஒன்பது கிலோ சைக்கிள்ல போற நம்ம நிலைமையை யோசிங்க. அதனால நான் சொல்ல வர்றது இதுதான்: இந்தக் கரையில ஸ்பீடை டார்கெட்டா வைக்காதீங்க, நீங்க போடுற உழைப்பை டார்கெட்டா வைங்க. அது எப்படின்னு விவரமா எழுதுறேன்.

முதல்ல எனக்கு நடந்ததைச் சொல்லிர்றேன். ஒரு ஜூலை மாசம், ராமநாதபுரத்துல இருந்து மண்டபம் போறேன், பின்னாடி இருந்து காத்து தள்ளுது, மீட்டர்ல 35, 36னு ஓடுது, நான் அது எல்லாம் என் காலு பண்ற வேலைன்னே நினைச்சுட்டேன். மண்டபத்துல டீக்கடையில நிக்கிறப்ப வலை வேலை பாத்துட்டு வந்த ஒரு பெரியவர் சைக்கிளைத் தொட்டுப் பாத்துட்டு, "எந்த ஊரு தம்பி?"ன்னு கேட்டார். "ராமநாதபுரம்ங்கய்யா"ன்னேன். "கச்சான் இன்னும் முழுசா ஏறல. வெயில் ஏற ஏற காத்தும் ஏறும். டீயக் குடிச்சதும் கிளம்பிரு"ன்னார். கச்சான்னா தென்மேற்குல இருந்து அடிக்கிற காத்து. நான் கிளம்பல, போட்டோ எடுத்துட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் எதிர்காத்துல ஊருக்குத் திரும்புனேன். பிரப்பன்வலசை தாண்டுறதுக்குள்ள மீட்டர் 18-க்கு இறங்கிருச்சு, தண்ணி காலி, உச்சிப்புளியில ஒரு கடைத் திண்ணையில உக்காந்தப்ப தொடை ரெண்டும் துடிக்குது, எழுந்திரிக்க முடியல. அன்னைக்குத்தான் அந்தப் பெரியவர் காத்தைப் படிக்கிற மாதிரி நாமளும் படிக்கணும்னு புரிஞ்சுது.

இதுல உள்ள கணக்கு ரொம்ப லேசு. 30 கி.மீ. தூரம் பின்காத்துல 36-ல போறீங்கன்னு வச்சுக்கோங்க, 50 நிமிஷம். அதே 30 கி.மீ. எதிர்காத்துல 20-ல திரும்புறீங்க, 90 நிமிஷம். மொத்தம் 60 கி.மீ., 140 நிமிஷம், ஆவரேஜ் 25.7 தான் வரும். 36-ஐயும் 20-ஐயும் கூட்டி ரெண்டால வகுத்தா 28 வரணுமேன்னு தோணும், ஆனா எதிர்காத்துல நீங்க நிக்கிற நேரம் அதிகம், அதனால ஆவரேஜ் எப்பவும் கீழதான் இழுக்கும். இன்னொண்ணு, காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். காத்தே இல்லாதப்ப 25-ல போறதுக்கும், 20 கி.மீ. வேகத்துல எதிர்ல அடிக்கிற காத்துல அதே 25-ல போறதுக்கும் மூஞ்சியில மோதுற தடை மூணு மடங்குக்கும் மேல. ரெண்டு நாளும் மீட்டர்ல 25-ன்னுதான் காட்டும், ஆனா ஒண்ணு உலாத்தப் போன மாதிரி, இன்னொண்ணு உயிரைக் குடுத்து ஓட்டுன மாதிரி. இப்போ சொல்லுங்க, அந்த 25-ஐ வச்சு உங்க ஃபிட்னஸை எப்படி அளக்குறது?

சரி, எதை வச்சு அளக்குறது? இதயத்துடிப்பை வச்சு. காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் இதயம் உங்க உழைப்பைத்தான் சொல்லும். நெஞ்சுல கட்டுற ஸ்ட்ராப் ஒண்ணு இருந்தா நல்லது, கையில கட்டுற வாட்ச் ரோடு குலுக்கல்ல சில நேரம் தப்பா காட்டும். நீங்க மிதிக்கிற பலத்தை வாட்ஸ்ல அளக்குற பவர் மீட்டர் இருந்தா இன்னும் துல்லியம், ஆனா அது விலை கூட, ஆரம்பத்துல அவசியமே இல்ல.

டார்கெட் வைக்கிறதுக்கு முன்னாடி இப்போ எங்க நிக்கிறோம்னு தெரியணும்ல, அதுக்கு ஒரு டெஸ்ட். நல்லா தூங்கி எழுந்த ஒரு நாள், விடிஞ்சு வெளிச்சம் வந்த உடனே, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, 20 நிமிஷம் லேசா ஓட்டி உடம்பைச் சூடாக்கிக்கோங்க. அப்புறம் 30 நிமிஷம் தனியா, யாரு பின்னாடியும் ஒட்டாம, கடைசி வரைக்கும் தாங்குற அளவுக்கு உச்ச உழைப்புல ஓட்டணும். முதல் 10 நிமிஷத்தை விட்டுருங்க, கடைசி 20 நிமிஷத்தோட ஆவரேஜ் ஹார்ட் ரேட் என்னவோ அதுதான் ஏறக்குறைய உங்க த்ரெஷோல்டு துடிப்பு, அதாவது ரொம்ப நேரம் தாங்கக்கூடிய உச்ச உழைப்போட துடிப்பு. பவர் மீட்டர் வச்சிருக்கவங்க 20 நிமிஷ உச்ச ஆவரேஜ் வாட்ஸ்ல 95 சதவீதத்தை எஃப்.டி.பி.ன்னு, அதாவது ஒரு மணி நேரம் பக்கம் தாங்குற உச்ச பவர்னு எடுத்துக்குவாங்க. முதல் அஞ்சு நிமிஷம் "இது லேசா இருக்கே"ன்னு தோணுனா சரியா ஆரம்பிச்சிருக்கீங்கன்னு அர்த்தம், பாய்ஞ்சுட்டுப் போனா 15-வது நிமிஷத்துல செத்துருவீங்க, டெஸ்ட் வீண். இடம் முக்கியம்: சிக்னல், பஸ் ஸ்டாண்ட், ஆட்டு மந்தை இல்லாத ரோடா பாத்து எடுங்க. 40 வயசு தாண்டுனவங்க, பிரஷர் சுகர் இருக்கவங்க, ஓட்டும்போது நெஞ்சு இறுக்குறவங்க டாக்டரைப் பாக்காம இந்த டெஸ்ட் பக்கமே போக வேணாம், இதை நான் சும்மா பேச்சுக்குச் சொல்லல.

உதாரணத்துக்கு அந்த நம்பர் 165 வந்துச்சுன்னா, அதுல 80-ல இருந்து 89 சதவீதம், அதாவது 132-ல இருந்து 147 வரைக்கும் உங்களோட நீண்ட ரைடுக்கான துடிப்பு. இந்த லெவல்ல பக்கத்துல வர்றவரோட முழு வாக்கியம் பேச முடியணும். மூச்சு வாங்கி ரெண்டு ரெண்டு வார்த்தையா வந்தா வேகம் கூடிப்போச்சு. ஸ்ட்ராப் இல்லாதவங்களுக்கு இந்தப் பேச்சுச் சோதனையே போதும், தனியா போனா ஒரு பாட்டைப் பாடிப் பாருங்க, வாய்விட்டுப் பாட முடியாம ஆனா பேச முடிஞ்சா சரியான இடத்துல இருக்கீங்க.

இப்போ பெரிய டார்கெட்டுக்கு வருவோம். வருஷத்துக்கு ஒண்ணு போதும், ரெண்டு இருந்தா கூடுதல். அது ஒரு நம்பரா இல்லாம ஒரு பயணமா இருந்தா மனசு ஒட்டும். நம்ம ஆளுங்களுக்கு நான் சொல்றது ராமநாதபுரத்துல இருந்து அரிச்சல்முனை போய்ட்டு ஒரே நாள்ல திரும்புறது, ஏறக்குறைய 150 கி.மீ. வரும். பாம்பன் ரோட்டுப் பாலம் 1988-ல திறந்தது, தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்கு நல்ல தார் ரோடு வந்தது 2017-ல தான், அதுக்கு முன்னாடி மணல்ல வேன்லதான் போகணும். 1964 புயல்ல அழிஞ்ச ஊரு வழியா, ஒரு பக்கம் ஆண்கடல் இன்னொரு பக்கம் பெண்கடல்னு நம்ம சனங்க சொல்ற ரெண்டு கடலுக்கும் நடுவுல நாம சைக்கிள்ல போறோம், நான் முதல் தடவை அந்தக் கடைசி வளைவுல இறங்கி நின்னப்ப கண்ணு கலங்கிருச்சு. இதை விடப் பெரிய டார்கெட் தேடி எங்கயும் போக வேணாம்னு எனக்குத் தோணும்.

அடுத்த படி வேணும்னா பி.ஆர்.எம்.ங்கிற நெடுந்தூர ரைடு. இது ரேஸ் கிடையாது, குறிச்ச நேரத்துக்குள்ள யாரு உதவியும் இல்லாம நம்மளே முடிக்கணும், அவ்வளவுதான். 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிஷம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. ஒரே சீசன்ல இந்த நாலையும் முடிச்சா சூப்பர் ரேண்டனர்னு பட்டம். 200-ஐ 22 கி.மீ. வேகத்துல ஓட்டுனாலே சைக்கிள் மேல இருக்குற நேரம் 9 மணிக்குச் சொச்சம்தான், சாப்பாடு, பஞ்சர், கண்ட்ரோல் பாயிண்ட்ல சீல் வாங்குறது எல்லாத்துக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல கையில இருக்கும். அதனால வேகமா ஓட்டத் தெரியலையேன்னு பயப்படாதீங்க, நிறுத்தாம ஓட்டத் தெரிஞ்சா போதும்.

தேதி குறிக்கிறதுலதான் நம்ம ஊரு புத்தி வேணும். ஜனவரியில இருந்து மார்ச் முதல் பாதி வரைக்கும்தான் நமக்கு நல்ல காலம், வடகிழக்குல இருந்து அடிக்கிற வாடை தணிஞ்சு வரும், வெயிலும் கொல்லாது, பெரிய டார்கெட்டை இங்க வைங்க. ஏப்ரல், மே மாசத்துல வெக்கை, அந்த நேரத்துல தூரத்தைக் கூட்டுறேன்னு நிக்காம விடியக்காலை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் லேசான ரைடா ஓட்டி அஸ்திவாரம் போடுங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும், அந்த 61 நாளையும் நான் என் அஸ்திவாரக் காலமா வச்சுக்கிறேன், அவங்க படகைச் சரி பண்றாங்க, நான் உடம்பைச் சரி பண்றேன். வெக்கைக்கு உடம்பு பழக 10-ல இருந்து 14 நாள் ஆகும், அதுவரைக்கும் அதே உழைப்புக்கு ஹார்ட் ரேட் கூடக் காட்டும், ஃபிட்னஸ் போயிருச்சுன்னு பதறாதீங்க.

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கச்சான். நிறைய பேர் இந்த நாலு மாசமும் சைக்கிளைத் துணி போட்டு மூடிருவாங்க, என்னைக் கேட்டா இதுதான் நம்ம பொன்னான காலம். மலை ஊருக்காரங்களுக்கு ஏத்தம் இருக்கு, நமக்குக் கச்சான் இருக்கு. கால்ல பலம் ஏத்துற வேலையை எல்லாம் எதிர்காத்துல செய்யணும். கீழக்கரை, ஏர்வாடி தாண்டி சாயல்குடி பக்கம் போற கிழக்குக் கடற்கரைச் சாலை இதுக்குன்னே போட்ட மாதிரி, போகும்போது மூஞ்சியில அடிக்கும், களைச்சுத் திரும்பும்போது முதுகுல கை வச்சு வீட்டுக்குத் தள்ளி விடும். வாடைக் காலத்துல அப்படியே திருப்பிப் போடுங்க, தேவிபட்டினம், தொண்டி பக்கம் எதிர்காத்துல போய்ட்டு பின்காத்துல திரும்புங்க. போகும்போது எதிர்காத்து, வரும்போது பின்காத்து, இந்த ஒரு பழக்கம் இருந்தா உச்சிப்புளியில எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழை, புயல் எச்சரிக்கை இருந்தா வீட்லயே இருங்க, மத்த நாள்ல கிடைச்ச இடைவெளியில ஓட்டுங்க.

தனுஷ்கோடி ரோடு மட்டும் தனி கதை. அது தென்கிழக்கா ஓடுது, கச்சான் தென்மேற்குல இருந்து வருது, அதனால போகும்போது வலப்பக்கமும் வரும்போது இடப்பக்கமும் குறுக்கா அடிக்கும். மணல் பறந்து வந்து தாருக்கு மேல மெல்லிசா படிஞ்சிருக்கும், 23 எம்.எம். டயர்ல அது மேல பிரேக் அடிச்சா சறுக்கிரும், நேரா பிடிச்சு பெடல் மிதிச்சுக்கிட்டே தாண்டுங்க. பாலத்து மேல இன்னும் உஷார், சுவர் இல்லாத இடைவெளியில திடீர்னு அடிக்கும், இரும்பு ஜாயிண்ட் மழையில வழுக்கும், படம் எடுக்குறதுக்குக் காரை ஓரமா நிறுத்திட்டு கதவைப் படார்னு திறக்குறவங்க வேற. உயரமான ரிம் போட்ட வீலைக் கச்சான் காலத்துல இந்தப் பக்கம் கொண்டு வரவே வேணாம்.

வாரத்துக்கு வருவோம். பெரிய டார்கெட் மார்ச்சுல இருந்தாலும் உங்க கையில இருக்குறது இந்த வாரம்தான், அதனால வார டார்கெட் உங்களால கட்டுப்படுத்த முடியுற விஷயமா இருக்கணும். "இந்த வாரம் 28 ஆவரேஜ்"ங்கிறது காத்து கையில இருக்கு, "இந்த வாரம் மூணு ரைடு"ங்கிறது உங்க கையில இருக்கு. வேலைக்குப் போறவங்களுக்கு நான் சொல்ற கணக்கு: செவ்வாய் ஒரு மணி நேரம் லேசா, வியாழன் எதிர்காத்துல 5 நிமிஷம் கடினமா 3 நிமிஷம் லேசா இப்படி நாலு தடவை, ஞாயிறு நீண்ட ரைடு. நீண்ட ரைடை ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிச்சு வாரத்துக்கு 15, 20 நிமிஷம் கூட்டுங்க, மூணு வாரம் கூட்டுனா நாலாவது வாரம் குறைச்சு உடம்புக்கு மூச்சு விட நேரம் குடுங்க. இப்படி 16 வாரம் போனா அரிச்சல்முனை ரைடுக்கு ரெடியாகிருவீங்க, அதுக்கு முன்னாடி 150-ஐ முழுசா ஓட்டிப் பாக்க வேண்டியதில்ல, நாலரை அஞ்சு மணி நேரம் தாங்குனா மீதியை அன்னைக்கு நாள் பாத்துக்கும்.

இதுல எல்லாரும் தப்பு பண்ற இடம் லேசான ரைடுதான். லேசா ஓட்டச் சொன்னா வெக்கமா இருக்கு எல்லாருக்கும், டி.வி.எஸ். எக்ஸெல்ல மீன் கூடை கட்டிட்டு ஒருத்தர் தாண்டிப் போனா உடனே அவர் பின்னாடி விரட்டுறது. விரட்டாதீங்க. அந்த லேசான ரைடுலதான் இதயமும் ரத்தக் குழாயும் வளருது, அதைக் கெடுத்துட்டா வியாழக்கிழமை கடினமா ஓட்ட கால்ல சத்து இருக்காது, கடைசியில எல்லா ரைடும் நடுத்தரமா போய் வருஷம் முழுக்க அதே இடத்துல நிப்பீங்க.

எடை குறைக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை. மலை ஏறுறவங்களுக்கு ஒரு கிலோ குறைஞ்சாலும் லாபம், நமக்குத் தட்டை ரோடு, இங்க உடம்போட எடையை விட உடம்பு காத்துல எப்படி உக்காந்திருக்குன்னுதான் பாக்கணும். முழங்கையை மடக்கி, தோளைச் சுருக்கி, டிராப்ல, அதாவது ஹேண்டில்பாரோட கீழ் வளைவுல கை வச்சு 10 நிமிஷம் கழுத்து வலிக்காம இருக்க முடியுமான்னு ஒரு டார்கெட் வைங்க, அப்புறம் 15, அப்புறம் 20. சைக்கிள்ல புதுசா எதையும் மாட்டாமலே கச்சான்ல 2 கி.மீ. வேகம் கூடுறதை நீங்களே பாப்பீங்க. தினமும் வீட்ல அஞ்சு நிமிஷம் பிளாங்க் பண்ணா இடுப்பு தாங்கும்.

தண்ணியையும் ஒரு டார்கெட்டாவே வைங்க. ரைடுக்கு முன்னாடி எடை போடுங்க, வந்ததும் வேர்வையைத் துடைச்சுட்டு மறுபடி போடுங்க. 70 கிலோ இருந்து 68.8 ஆயிருச்சு, வழியில ஒரு லிட்டர் குடிச்சீங்க, ஓட்டுனது ரெண்டு மணி நேரம்னா, மொத்தம் 2.2 லிட்டர் வேர்வை, மணிக்கு 1.1 லிட்டர். இது உங்க நம்பர், உங்க நண்பரோட நம்பர் வேற. உடம்பு எடையில 2 சதவீதத்துக்கு மேல குறையாம பாத்துக்கணும், அதே நேரம் எடை கூடுற அளவுக்கும் குடிக்கக் கூடாது. லிட்டர் தண்ணிக்குக் கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சம்பழம், கொஞ்சம் கருப்பட்டி போட்டுக் கரைச்சா கடையில வாங்குற பொடியே வேணாம். ஒன்றரை மணி நேரம் தாண்டுற ரைடுன்னா மணிக்கு 30-ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும், நடுத்தர வாழைப்பழம் ஒண்ணுல 25 கிராம் பக்கம் இருக்கு, ஒரு பழம் ரெண்டு கடலை மிட்டாய்னா கணக்கு முடிஞ்சுது. பசிச்சதுக்கு அப்புறம் சாப்பிட்டா லேட்டு, 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை வாட்ச்ல அலாரம் வைங்க. சீசன்ல வழியில பதநீர் கிடைச்சா குடிங்க, ஆனா டார்கெட் ரைடு அன்னைக்குப் புதுசா எதையும் வயித்துல போட்டுச் சோதிக்காதீங்க.

நிறைய பேர் மறக்குற டார்கெட் ஒண்ணு இருக்கு: தனியா பஞ்சர் பாக்குறது. நம்ம மாவட்டம் பூரா சீமைக்கருவேலம், ஆடு மேய்க்கிறவங்க வெட்டிப் போட்ட கொப்புல இருந்து முள்ளு ரோட்டுக்கு வந்துரும், அது டயரை ஊசி மாதிரி துளைச்சு நுனி மட்டும் உள்ள ஒடிஞ்சு நிக்கும். டியூபை மாத்துறதுக்கு முன்னாடி டயரோட உள்பக்கத்தை விரல் நுனியால மெதுவா ஒரு சுத்து தடவிப் பாத்து அந்த நுனியை எடுக்கணும், எடுக்காம புது டியூபைப் போட்டா ரெண்டு கி.மீ.ல மறுபடி காத்து இறங்கும். வீட்டு முற்றத்துல உக்காந்து பழகி 10 நிமிஷத்துக்குள்ள முடிக்கிறதை டார்கெட்டா வைங்க. ரெண்டு டியூப், ஒட்டுறதுக்குப் பேட்ச், பம்பு இல்லாம அரிச்சல்முனை பக்கம் போகாதீங்க. உப்புக்காத்து பட்டுட்டு வந்தா அன்னைக்கே சைக்கிளை நல்ல தண்ணியில கழுவி, துடைச்சு, செயினுக்கு எண்ணெய் விடுங்க, மறுநாள் பாத்துக்கலாம்னு விட்டா செயின் செங்கல் கலராகிரும்.

இதெல்லாம் எழுதி வைக்க 40 பக்க நோட்டு ஒண்ணு போதும். தேதி, எவ்வளவு நேரம், ஆவரேஜ் துடிப்பு, காத்து எந்தப் பக்கம், உழைப்பு 10-க்கு எவ்வளவு, தூக்கம் எப்படி. காலையில படுக்கையை விட்டு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி நாடித்துடிப்பைப் பாத்து எழுதுங்க, வழக்கத்தை விட ஏழு எட்டு கூட இருந்து உடம்பும் அசதியா இருந்தா அன்னைக்குக் கடினமான ரைடு வேணாம். காய்ச்சல், வீட்ல கல்யாணம், வேலைப் பளுன்னு ஒரு வாரம் போச்சுன்னா அடுத்த வாரம் ரெண்டையும் சேத்து ஓட்ட நினைக்காதீங்க, போன வாரம் விட்ட இடத்துல இருந்து கொஞ்சம் குறைச்சே ஆரம்பிங்க. அப்படியும் நேரம் பத்தலைன்னா பெரிய ரைடு தேதியைத் தள்ளி வைங்க, அரிச்சல்முனை எங்கயும் போயிராது.

ஆறு வாரத்துக்கு ஒரு தடவை அதே ரோட்டுல, அதே விடியக்காலையில, அந்த 30 நிமிஷ டெஸ்டை மறுபடி எடுங்க. அப்புறம் இன்னொரு நாள் காத்து குறைஞ்ச நேரமா பாத்து, வழக்கமா போற ஒரு 10 கி.மீ. ரோட்டைப் போக வர ரெண்டு பக்கமும் 140 துடிப்புல பிடிச்சு ஓட்டி மொத்த நேரத்தை மட்டும் எழுதுங்க. முதல் தடவை 52 நிமிஷம் ஆனது அடுத்த தடவை அதே துடிப்புல 50 ஆச்சுன்னா, அந்த ரெண்டு நிமிஷம் காத்து குடுத்தது இல்ல, நீங்க சம்பாதிச்சது. அதை நோட்டுல சிவப்பு மையில எழுதி வைங்க.